பின் டிஃபரன்ஷலின் முனகலும் ஒரு லீற்றர் ஒயிலும்

எங்கள் வீட்டில் ஓடுவது 2003ஆம் ஆண்டு ஹொண்டா சீஆர்வீ. சென்ற மாரி முடிந்த கையோடு, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் வாகனத்தின் பின் அடியிலிருந்து ஒரு முனகல் எழத் தொடங்கியது. நேராக ஓடும்போது எந்தச் சத்தமும் இல்லை. காட்டிய கராஜில் பின் டிஃபரன்ஷலையே, அதாவது பின் சில்லுகள் இரண்டுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியையே, மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குப் பணம் தேடிக்கொண்டிருந்த வேளையில், வாகனத் திருத்த வேலையிலேயே ஆயுளைக் கழித்த பக்கத்து வீட்டு மாமா, "முதலில் ஒயிலை இறக்கிப் பாரும் தம்பி" என்றார்.

ஒயில் இறக்கும் கீழ் நட்டில் கை வைப்பதற்கு முன் ஒயில் விடும் மேல் நட் கழல்கிறதா என்று பார்க்கச் சொன்னார் அவர். உள்ளிருப்பதை வெளியேற்றிய பின் மேல் நட் அசைய மறுத்தால், வாகனத்தை நகர்த்தவும் முடியாது, ஒயிலை நிரப்பவும் முடியாது. கடற்காற்று படும் எங்கள் ஊரில் இது வெறும் எச்சரிக்கை அல்ல. எங்களுடைய மேல் நட் உப்புத்துருவில் இறுகிப் போயிருந்ததால், துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு மறுநாள்தான் கழற்றினோம்.

வெளியே வந்தது பால்தேநீர் நிறத்தில் இருந்தது. அதில் கந்தகம் போன்ற கடுமையான நெடியும் அடித்தது. நிறம் தண்ணீரைக் காட்டியது. மார்கழி வெள்ளத்தில் தம்பலகாமம் பக்கம் சில்லு அமிழும் நீரைக் கடந்து வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள சிறு காற்றுக்குழாயின் வழியாகவோ தேய்ந்த சீல்களின் வழியாகவோ நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நெடியோ, முன்பு எங்கோ சேர்விஸ் செய்தபோது சாதாரண கியர் ஒயிலை விட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டியது.

இந்த வாகனத்துக்கு அது ஆகாது. இதன் பின் டிஃபரன்ஷலுக்குள் இரண்டு பம்புகளும் ஒரு கிளச் தட்டுத் தொகுதியும் இருக்கின்றன. ஒரு பம்ப் முன் சில்லுகளின் வேகத்திலும் மற்றது பின் சில்லுகளின் வேகத்திலும் சுழல்கின்றன. முன் சில்லு வழுக்கி வேகம் கூடினால், எழும் ஒயில் அழுத்தம் தட்டுகளை நெருக்கிப் பின் சில்லுகளுக்கும் இழுவையைக் கொடுக்கிறது. ஒடித்துத் திருப்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீண்ட பாதையில் செல்வதால் அப்போதும் சிறிது அழுத்தம் எழும். உரிய ஒயில் இருந்தால் தட்டுகள் வழுவழுவென்று நழுவும். இல்லையேல் பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும். நான் கேட்ட முனகல் அதுதான்.

இதற்குரிய ஒயிலான ஹொண்டாவின் டுவல் பம்ப் புளூயிட்டை இரண்டு முறைக்குப் போதுமான அளவில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் அனுப்புவித்தேன். ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர்தான் பிடிக்கும். வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, மேல் துவாரத்தால் வழியும் வரை விட்டு, இரண்டு நட்டுகளுக்கும் புதிய வாஷர் போட்டு, 47 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கினோம். பிறகு வெறுமையான மைதானம் ஒன்றில் இடமும் வலமுமாக வட்டமடித்துவிட்டு, அதையும் இறக்கி மறுபடி புதிதாக விட்டோம். முதல் முறையிலேயே பாதி அடங்கியிருந்த சத்தம், இரண்டாவதோடு முற்றாக நின்றது.

இழுவையைப் பின்பக்கம் அனுப்பும் முன்பக்க ட்ரான்ஸ்ஃபர் பகுதி ஓட்டோ கியர்பெட்டியின் ஒயிலையே பகிர்ந்துகொள்வதால் அந்த ஒயிலையும் மாற்றினேன். ஒரு தடவையில் மூன்று லீற்றரளவே இறங்கும் என்பதால், இடைக்கிடை ஓடவிட்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. சுசுக்கி ஜிம்னி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அதில் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியும் முன், பின் டிஃபரன்ஷல்களும் தனித்தனி, அவற்றுக்குக் கியர் ஒயிலே உரியது.

இறக்கிய ஒயிலைத் தயவுசெய்து வளவு மண்ணில் ஊற்றாதீர்கள். எங்கள் கரையோர மணலில் கிணற்று நீர் அதிக ஆழத்தில் இல்லை. நான் கலன்களில் அடைத்து, கழிவொயில் சேர்க்கும் இடத்தில் கொடுத்தேன்.

அண்மையில் மீண்டும் வெள்ள நீரைக் கடக்க நேர்ந்தது. மறுநாள் காலையில் மேல் நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். ஒயில் தெளிவாகவே இருந்தது.