புதுப்பிப்பு: மிச்ச லைக்ராவில் பிராலெட், தையல் விட்டுப்போவது நின்றது

லெக்கிங்ஸ் தைத்து மிஞ்சிய லைக்ரா துணியில் பிராலெட் (கம்பி இல்லாத மெல்லிய பிரா) தைத்தால் தையல் விட்டு விட்டு விழுகிறது என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஊசியை மாற்றச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. மதுரை விளக்குத்தூண் பக்கம் 75/11 அளவு ஸ்ட்ரெச் ஊசி, அதாவது இழுபடும் துணிக்கான மெஷின் ஊசி, வாங்கிப் போட்டேன். முனை உருண்டையாக இருப்பதால் இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்குகிறது, இப்போது ஒரு தையல்கூட விடுவதில்லை. ஜிக்ஜாக் போடுங்கள், நேர்த்தையல் இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும்.

எதிர்பாராதது எலாஸ்டிக்தான். மார்புக்குக் கீழே, சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டியது நல்ல பிடிப்பு, ஆனால் கழுத்துக்கும் கைக்குழிக்கும் அதே கணக்கு வைத்தால் துணி சுருங்கிக்கொள்கிறது, அங்கே கொஞ்சமாகக் குறைத்தால் போதும். அப்புறம், துணி அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரணும். மதுரை வெயிலுக்காக உள்ளே பருத்தி பனியன் துணி வைத்தேன், வேர்வையில் உறுத்தவே இல்லை.