பையன் கிளாஸ்ல ஒரு பொண்ணு கையைப் பிடிக்க மாட்டேன்னுட்டான், நாளைக்கு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க

மதுரை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். கையும் ஓடல காலும் ஓடல, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்குச் சாயங்காலம் ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. லைன்ல நிக்கும்போது பக்கத்துல நின்ன பொண்ணு கையைப் பிடிக்க மாட்டேன்னு என் பையன் ஏதோ சொல்லியிருக்கான். அந்தப் பொண்ணு அழுதுட்டாளாம். நாளைக்குக் காலைல 8.45-க்கு பிரின்சிபாலைப் பாக்கணும். வீட்டுக்காரருக்கு ஷிப்ட், நான் மட்டும்தான் போகணும். என் இங்கிலீஷும் சுமார்தான். இது ரெக்கார்டுல ஏறுமா? கனடாவுல நிரந்தரமாத் தங்கறதுக்குப் போட்டிருக்கற எங்க பி.ஆர். அப்ளிகேஷனுக்கு ஏதாவது ஆயிடுமா? எல்லா விதமான மனுஷங்களையும் மதிக்கணும்னு இவனுக்கு எப்படிச் சொல்லித் தர்றது? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கார்த்தி:
முதல்ல பையனைத் தமிழ் கிளாஸ்ல சேருங்க மேடம். தன்னோட பண்பாடு தெரிஞ்ச பிள்ளைதான் அடுத்தவங்க பண்பாட்டை மதிக்கும். நீங்க ஒன்டாரியோ மாகாணம்னா, அங்க போதுமான பிள்ளைகளோட பெத்தவங்க எழுதிக் கேட்டா, அந்த மொழியில வகுப்பு நடத்த வேண்டியது ஸ்கூல் போர்டோட பொறுப்பு. வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் வரைக்கும் இருக்கும். பெரும்பாலும் சனிக்கிழமை காலைல நடக்கும். இடம் சீக்கிரம் நிரம்பிடும், அதனால இப்பவே பேரு குடுத்து வைங்க.

ஸ்கார்பரோ அக்கா:
தம்பி, அவ கேட்டது நாளைக்குக் காலமைக் கூட்டத்தைப் பற்றி. தமிழ் வகுப்பு பிறகு பாக்கலாம்.
தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. ஆனா முக்கியமானதுகள் ஒண்டும் நீங்கள் எழுதேல்லை. பிள்ளை எத்தினையாம் வகுப்பு? எந்த மாகாணம்? என்ன சொன்னவர், அந்தச் சொல்லு அப்பிடியே வேணும். அது தெரியாமல் ஒருத்தரும் சரியாச் சொல்லேலாது.

நெல்லைக்காரன்:
இதைப் போய் இவ்வளவு பெருசு பண்றாங்களா? சின்னப் புள்ளைக்குக் கலரு, நாடு எல்லாம் என்ன தெரியும்? ஏதோ விளையாட்டுச் சண்டையா இருக்கும். "எல்லாரும் ஒண்ணுதான்டா"ன்னு சொல்லிட்டு விடுங்க, மறந்துருவான்.

மார்க்கம் வாசுகி:
இல்ல நெல்லைக்காரன், நல்லாவே தெரியும். மூணு மாசக் குழந்தைகூட தான் அதிகமாப் பாத்துப் பழகின சாயல் முகங்களைத்தான் அதிக நேரம் பாக்கும்னு ஆய்வு செஞ்சவங்க சொல்றாங்க. 1940-கள்ல அமெரிக்காவுல கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 3 முதல் 7 வயசுக் கறுப்பினக் குழந்தைங்க முன்னாடி வெள்ளை பொம்மைகளையும் பழுப்பு பொம்மைகளையும் வெச்சு, எது நல்ல பொம்மைன்னு கேட்டாங்க. பாதிக்கு மேல வெள்ளை பொம்மையைத்தான் காட்டினாங்க. 1954-ல ஸ்கூல்ல இனப் பிரிவினை செல்லாதுன்னு தீர்ப்பு வந்தப்போ இந்த ஆய்வும் எடுத்துக் காட்டப்பட்டுச்சு. பிள்ளை நிறத்தைப் பாக்குது. அதுக்கு என்ன அர்த்தம்னு நாம வாயைத் திறந்து சொல்லலேன்னா, தானா ஒரு அர்த்தம் வெச்சுக்கும். "எல்லாரும் ஒண்ணுதான்"னு பொத்தாம் பொதுவாச் சொன்னா, இதெல்லாம் பேசக்கூடாத விஷயம்னுதான் அதுக்குப் புரியும்.

செல்வம்:
நம்ம பிள்ளைங்க மத்தவங்களை மதிக்கணும், சரி. நம்மளை யார் மதிக்கிறா? வந்து இறங்கின உடனே வாடகைக்கு வீடு கேட்டா முதல் மாசம், கடைசி மாசம், கூடவே கியாரண்டர். வேலைக்குப் போனா கனடா அனுபவம் இருக்கான்னு கேள்வி. பிள்ளை டிபனைத் திறந்தா பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்துது. அதுக்கு எந்த பிரின்சிபால் யாரைக் கூப்பிட்டாங்க?

நெல்லைக்காரன்:
கரெக்டாச் சொன்னீங்க. முதல் குளிர்காலம் தாண்டுறதுக்குள்ள மனுஷன் பாதியாயிடுறான். சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், பேசுறதுக்கு ஆள் கிடையாது. இதுல ஸ்கூல் வேற.

கார்த்தி:
கார் இன்சூரன்ஸை விட்டுட்டீங்களே. ஊர்ல வண்டி ஓட்டின அனுபவத்தை எல்லாக் கம்பெனியும் ஏத்துக்கறதில்ல, லைசென்ஸ் ஆபீஸ் லெட்டர் கொண்டு வந்தா சில இடத்துல குறைக்கிறாங்க.

மதுரை அம்மா:
மன்னிச்சுக்குங்க, இப்பதான் பையனைத் தூங்க வெச்சேன். ஒன்டாரியோதான், டொரான்டோவுல ஸ்கார்பரோ பகுதியில இருக்கோம். கிரேடு 1, ஆறு வயசு. ஆகஸ்ட்லதான் வந்தோம். அந்தப் பொண்ணு கறுப்பினப் பொண்ணு. இவன் "யுவர் ஹேண்ட் இஸ் டர்ட்டி, கோ வாஷ்"னு சொல்லியிருக்கான். கேட்டா, "அழுக்காதான் இருந்துச்சு"ங்கறான். எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு. யாரு இவனுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தான்னே தெரியல.

ஸ்கார்பரோ அக்கா:
சரி தங்கச்சி, இனி ஒழுங்காக் கதைப்பம்.

பி.ஆர். பயத்தை முதல்ல விடுங்கோ. பள்ளிக்கூடக் கோப்பு பிள்ளையின்ர படிப்புக்கானது. குடிவரவு அலுவலகத்துக்கும் அதுக்கும் தொடர்பில்லை. அந்தக் கோப்பைப் பாக்கிற உரிமை பெற்றோருக்கு இருக்கு, பிறகு ஒருநாள் கேட்டுப் பாருங்கோ. 2020 செப்டெம்பரில இருந்து ஒன்டாரியோவில மூண்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளையளை இப்பிடியான விஷயத்துக்கு அதிபர் (பிரின்சிபால்) தன்ர விருப்பத்தில இடைநிறுத்தேலாது.

இண்டைக்கு இரவே பள்ளிக்கூடத்துக்கு மின்னஞ்சல் போட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு ரெண்டு வரி எழுதுங்கோ. காலமை அலுவலகம் திறந்த உடனே போன் எடுத்தும் கேளுங்கோ. நேரில ஒருத்தர் கிடைக்காட்டி போனில பிடிச்சுத் தருவினம். அதுவும் சரிவராட்டி கூட்டத்தைத் தள்ளி வைக்கக் கேக்கலாம், அதில பிழை ஒண்டுமில்லை. கன பள்ளிக்கூடங்களுக்கு புதுசா வந்த குடும்பங்களுக்கெண்டு குடியேற்ற உதவியாளர் வருவார், ஸ்விஸ் வேர்க்கர் எண்டு சொல்லுவினம். ஸ்கார்பரோவில தமிழ் தெரிஞ்சவையும் இருக்கினம். அவரின்ர பெயரைக் கேட்டு வாங்குங்கோ.

கூட்டத்தில "பகிடிக்குச் சொன்னவன்", "எங்கட ஊரில இது வழமை", "நாங்களும் வெள்ளையில்லைத்தானே" எண்டு தொடங்காதேங்கோ. மூண்டும் சாட்டாத்தான் கேக்கும். "ஐ ஆம் சாரி ஷி வாஸ் ஹர்ட். வி வில் டீச் ஹிம்." இவ்வளவு ஆங்கிலம் காணும். பிறகு நீங்கள் கேளுங்கோ: சரியா என்ன நடந்தது, அந்தப் பிள்ளை இப்ப எப்பிடி இருக்கிறா, வகுப்பில ரீச்சர் என்ன செய்யப் போறா, ரெண்டு கிழமையால ஆர் எனக்குச் சொல்லுவினம். கடைசிக் கேள்வியை விட்டுடாதேங்கோ. அதைக் கேக்காட்டி ஒருத்தரும் திருப்பிப் போன் எடுக்க மாட்டினம்.

அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பனை நீங்களே தேடிப் போகவேண்டாம். விபரம் பள்ளிக்கூடம் தராது, தரவும் கூடாது. உங்கட மன்னிப்பை அதிபருக்கூடாகச் சொல்லி விடுங்கோ. அவை விரும்பினால் அவையே கதைப்பினம்.

மார்க்கம் வாசுகி:
யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டீங்க. யாரும் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கல. "வெயில்ல ஆடாத, கருத்துருவ." "கழுத்தெல்லாம் கருப்பா இருக்கு பாரு, நல்லா தேய்ச்சுக் குளி." "பொண்ணு கலர் கம்மிதான், ஆனா லட்சணம்." வீடியோ கால்ல பாட்டி "என்னடா இப்படிக் கருத்துட்ட"ன்னு கேக்கறது. இது எல்லாத்தையும் ஆறு வயசுப் பிள்ளை கூட்டிப் பாத்தா கருப்புன்னா அழுக்குன்னு வருது. அவன் கணக்கு சரி, நாம குடுத்த எண்ணுதான் தப்பு.

அதனால திட்டாதீங்க. காலைல ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பாத்ரூம் வாஷ்பேசின்ல அஞ்சு நிமிஷம் போதும். அவன் புறங்கையில பூந்தொட்டி மண்ணைக் கொஞ்சம் ஈரமாத் தடவுங்க. சோப்புப் போட்டு அவனையே கழுவச் சொல்லுங்க. "மண்ணு போயிடுச்சா? உன் கையோட பிரவுன் போச்சா?"ன்னு கேளுங்க. போகலேன்னு அவன் வாயாலயே வரணும். அப்புறம் சொல்லுங்க: "தோலுக்குள்ள மெலனின்னு ஒண்ணு இருக்கு. உனக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம், அந்தப் பொண்ணுக்கு இன்னும் நிறைய. அது அவ அம்மா அப்பாகிட்டேர்ந்து வந்தது. அவ கை சுத்தமாத்தான் இருந்துச்சு. நீ சொன்னது தப்பு, அவளுக்கு வலிச்சிருக்கு." இதுக்கு மேல நீட்டினா காதுல ஏறாது.

கார்த்தி:
வெள்ளை முட்டை, பிரவுன் முட்டை ரெண்டையும் உடைச்சுக் காட்டி உள்ள ஒண்ணுதான்னு சொல்லலாமே? நிறைய டீச்சர்ஸ் செய்றாங்க.

மார்க்கம் வாசுகி:
இந்தப் பையனுக்கு அது பத்தாது கார்த்தி. உள்ளே ஒண்ணுன்னா, வெளியே இருக்கறது ஏதோ பொறுத்துக்க வேண்டிய குறைன்னு ஆகுது. அவனுக்கு வெளி நிறமே நல்லாத்தான் இருக்குன்னு தெரியணும்.

அதுக்கு கிரேயான்தான் சரி. நம்ம ஊர்ல பீச் பழ நிறத்தை "ஸ்கின் கலர்"னு சொல்லியே வளத்திருப்போம். அதே நிறத்தைத்தான் கிரேயோலா கம்பெனி பழைய பேரை எடுத்துட்டு 1962-ல "பீச்"னு மாத்தினாங்க. 2020-ல 24 தோல் நிறங்களோட தனிப் பெட்டியே விட்டிருக்காங்க. அதை வாங்கி, கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சு, அவன் கை நிறத்தைத் தேடச் சொல்லுங்க. ஒரே குச்சியில கிடைக்காது, ரெண்டு மூணைக் கலந்து தேய்க்க வேண்டியிருக்கும். அப்புறம் உங்க கை, அப்பா கை. வீட்டுக்குள்ளயே மூணு நிறம்னு அவனே கண்டுபிடிக்கட்டும். வீட்டுல "ஸ்கின் கலர்"னு யாராவது சொன்னா "யாரோட ஸ்கின்?"னு கேக்கறதைப் பழக்கமா வெச்சுக்குங்க. பாட்டிகிட்டயும் நீங்கதான் பேசணும், "கருத்துட்ட"க்குப் பதிலா "எவ்வளவு வளந்துட்ட"ன்னு சொல்லச் சொல்லுங்க.

ஸ்கார்பரோ அக்கா:
வாசுகி சொன்னதோட இன்னொண்டு. கறுப்பினத்தவரைக் "கறுவல்", சீனச் சாயல் உள்ளவையைச் "சப்பை", முஸ்லிம்களைச் "சோனி" எண்டு வீட்டுக்குள்ள, காருக்குள்ள, தமிழ்தானே எண்டு நினைச்சு எங்கட சனம் கதைக்கிறது. பின்சீற்றில இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் விளங்கும். இதை நிப்பாட்டாமல் எத்தினை புத்தகம் வாங்கினாலும் பிரயோசனமில்லை.

சாதியும் அப்பிடித்தான். புதுசா ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சந்திச்ச உடனே ஊர், கோயில், தெரு எண்டு விசாரிக்கிறதைப் பிள்ளை பக்கத்தில நிண்டு கேக்குது. ரொறன்ரோ பள்ளிக்கூடச் சபை 2023 மார்ச்சில சாதி ஒடுக்குமுறையைக் கையாள மனித உரிமை ஆணைக்குழுவின்ர உதவியைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அதே வருசம் ஒக்டோபரில ஒன்டாரியோ மனித உரிமை ஆணைக்குழு சாதிப் பாகுபாடு பற்றித் தன்ர நிலைப்பாட்டை வெளியிட்டது. ஒரு பிள்ளை இன்னொரு தமிழ்ப் பிள்ளையோட சேரக்கூடாது எண்டு வீட்டில பழகிச்சுதெண்டால், மற்ற இனப் பிள்ளையை மதி எண்டு எப்பிடிச் சொல்லிக் குடுப்பியள்?

நெல்லைக்காரன்:
இது நியாயம்தான். "கருவாயா"ன்னு செல்லமாக் கூப்பிடறதை நானும் தப்பா நினைச்சதில்ல, சொல்லாம இருக்கறதுதான் நல்லது. சரி, ஸ்கூல்ல மல்டிகல்ச்சுரல் டே வரும்ல? வேட்டி கட்டி விட்டு, முறுக்கு கடலை மிட்டாய் குடுத்து அனுப்பினா எல்லாரோடயும் கலந்துருவான்.

மார்க்கம் வாசுகி:
கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம்! வேர்க்கடலை அலர்ஜிக்கு மூச்சே நின்னு போகும். ஒன்டாரியோவுல இதுக்குன்னே சப்ரீனா சட்டம்னு ஒண்ணு 2006 ஜனவரிலேர்ந்து நடைமுறையில இருக்கு. பல ஸ்கூல்ல வேர்க்கடலை, கொட்டை எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது. வேர்க்கடலைச் சட்னி, வேர்க்கடலை போட்ட இட்லிப்பொடி, எலுமிச்சை சாதத்துல தாளிச்ச வேர்க்கடலை, எல்லாமே இதுல சேரும்.

இன்னொண்ணு, வருஷத்துக்கு ஒரு நாள் சமோசாவும் கொடியும் வெச்சா பழக்கம் வராது. ஒரே பிள்ளைங்களோட திரும்பத் திரும்பச் சேந்து ஒரு காரியம் செய்யணும். கார்டன் ஆல்போர்ட்னு ஒரு உளவியலாளர் 1954-லயே சொன்னது: ரெண்டு பக்கமும் சம நிலையில இருக்கணும், ஒரே குறிக்கோள் இருக்கணும், ஒருத்தர் உதவி இன்னொருத்தருக்குத் தேவைப்படணும், பெரியவங்க அதை ஆதரிக்கணும். சாக்கர் டீம் இதுக்குப் பொருத்தம். நீச்சல் வகுப்புல அவனவன் லேன்ல அவனவன் போவான், அதனால அவ்வளவா உதவாது. வருமானம் குறைவுன்னா டொரான்டோ நகராட்சியில "வெல்கம் பாலிசி"னு ஒரு கட்டண உதவி இருக்கு, வகுப்பு ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க. தேதி வந்த அப்புறம் அப்ளை பண்ணினா இடம் போயிடும்.

லைப்ரரி கார்டு இலவசம். கறுப்பினக் குழந்தை பல்லு விழுந்து தவிக்கிற கதை, நாய்க்குட்டி தொலைக்கிற கதை, இப்படி சாதாரணமா வாழற புத்தகமாக் கேட்டு வாங்குங்க. எடுத்தவுடனே அடிமை வரலாறு மட்டும் படிச்சா, பரிதாபப்படத்தான் கத்துக்குவான்.

செல்வம்:
என் புலம்பலை மனசுல வெச்சுக்காதீங்க சகோதரி. ஒரு தகவல் சொல்றேன். ஸ்கார்பரோவுல கயானா, டிரினிடாட் குடும்பங்கள் நிறைய. 1838-லேர்ந்து 1917 வரைக்கும் இந்தியாவுலேர்ந்து கயானாவுக்குக் கூலிக்குக் கொண்டு போனாங்க, மெட்ராஸ்லேர்ந்தும் கப்பல் போயிருக்கு. அங்க இன்னமும் மாரியம்மனைக் கும்பிடறாங்க. கரீபியன்னா ஒரே இனம், ஒரே சாமின்னு பையனுக்குச் சொல்லிடாதீங்க. பக்கத்து வீட்டுல என்ன கும்பிடறாங்க, என்ன சமைக்கிறாங்கன்னு அவனே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்.

மதுரை அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெயில் போட்டுட்டேன். ரெண்டே கேள்வி. அவனை அந்தப் பொண்ணுகிட்ட சாரி சொல்ல வைக்கணுமா? அந்த வீட்டுல சரின்னா, சனிக்கிழமை பார்க்குக்குக் கூப்பிடலாமா?

ஸ்கார்பரோ அக்கா:
சாரி சொல்லத்தான் வேணும், ஆனா வகுப்புக்கு முன்னால நிப்பாட்டி வேண்டாம், அது அந்தப் பிள்ளைக்குத்தான் கூடக் கூச்சம். ரீச்சர் பக்கத்தில இருக்க, "உன்ர கை அழுக்கெண்டு நான் சொன்னது பிழை" எண்டு என்ன பிழை எண்டதையும் சேத்துச் சொல்லோணும். அவ கை குடுக்காட்டி விட்டிட வேணும். மன்னிக்கச் சொல்லி அவவை ஒருத்தரும் நெருக்கக் கூடாது. அவவின்ர தலைமயிரை, மணி கோத்த பின்னலைத் தொட்டுப் பாக்கக் கூடாது எண்டும் முன்னமே சொல்லி வையுங்கோ, பிள்ளையள் ஆசையில கை வைச்சிடுவினம். அவவின்ர பெயரை ரீச்சரிட்டச் சரியாக் கேட்டு, வீட்டில அஞ்சாறு தரம் சொல்லிப் பழக்குங்கோ.

இந்தச் சனிக்கிழமை கூப்பிடாதேங்கோ, அவைக்கு ஆறட்டும். முதல்ல அவன்ர வகுப்பில உள்ள வேற பிள்ளையள் ரெண்டு மூண்டு பேரை எழுதிக் கேளுங்கோ. பார்க்கில ஒண்டரை மணித்தியாலம் காணும், எத்தினை மணிக்கு முடியும் எண்டதையும் எழுதுங்கோ. என்ன சாப்பாடு ஆகாது எண்டு முன்னமே கேட்டு, பைக்கற் உடைக்காத பலகாரமும் பழமும் கொண்டு போங்கோ. மார்ஷ்மெலோ, கம்மி மிட்டாயில ஜெலட்டின் இருக்கும், முஸ்லிம் பிள்ளையளும் சைவப் பிள்ளையளும் சாப்பிட மாட்டினம். லேபிளைப் பாத்து வாங்குங்கோ.

மதுரை அம்மா:
சரிங்க அக்கா. காலைல 8 மணிக்கு ஆபீஸுக்கு போன் பண்ணிடறேன். பூந்தொட்டி மண்ணு பால்கனியில இருக்கு.