உடம்புக்குள் கருவி வைத்தவர்கள் வீட்டு அனுபவங்கள்

ஈசூன்_மகள்:
அம்மாவுக்குக் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது காது கேட்க உதவும் கருவி, வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் பகுதியில் பேட்டரியே கிடையாது. காதுக்குப் பின்னால் மாட்டும் ப்ராசஸர் சத்தத்தை சிக்னலாக மாற்றும். தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டக் காயில் (coil, கம்பிச்சுருள்), அந்த சிக்னலோடு மின்சாரத்தையும் சேர்த்துத் தோல் வழியாக உள்ளே அனுப்பும். தோலில் ஓட்டையும் இல்லை, வயரும் இல்லை. ஆனால் காயில் விலகிவிட்டால் அந்த நொடியே அம்மாவுக்கு எதுவும் கேட்காது.

அம்மா இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் பூ வாங்கிக் கொண்டையில் வைப்பவர். அடர்ந்த முடி நடுவில் வந்தால் காந்தம் பிடிக்காது. ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) இன்னும் பலமான காந்தம் கொடுத்தார். பலம் கூடினால் தோல் புண்ணாகலாம் என்பதால் அந்த இடத்தை அடிக்கடி பார்க்கச் சொன்னார். இப்போது கொண்டை கீழே இறங்கிவிட்டது, பூ அப்படியேதான் இருக்கிறது.

நம்மூர் ஈரக்காற்றுக்கு ப்ராசஸரை இரவில் உலர்பெட்டியில் வைக்கிறோம். அந்த நேரம் தீ அலாரம் அடித்தாலும் அம்மாவுக்குக் கேட்காது. பணிப்பெண்ணிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஒரு கிளினிக்கில் ஸ்கேனுக்காக ப்ராசஸரைக் கழற்றச் சொன்னார்கள். அப்புறம் அம்மாவிடமே கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். பதில் வராததும், "பாட்டிக்கு மறதி நோயா?" என்று என்னிடம் கேட்டார்கள். மனசு ரொம்ப வலித்தது. இப்போதெல்லாம் சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கையோடு எடுத்துப் போகிறேன். உள்ளே காந்தம் இருப்பதால், எம்ஆர்ஐ என்றால் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

தெம்பனிஸ்_ராஜா:
அக்கா, என் அப்பாவுக்கு பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி. அதில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, தீர்ந்தால் கருவியையே மாற்றவேண்டும். கட்டில் பக்கத்தில் வைத்திருக்கும் மானிட்டர் தகவலை மட்டும் வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும், சார்ஜ் செய்யாது. ஆனால் 1958-இல் சுவீடனில் முதன்முதலாக உடம்புக்குள் வைத்த பேஸ்மேக்கரை வெளியிலிருந்து காயில் மூலம்தான் சார்ஜ் செய்தார்கள். அது சில மணி நேரமே ஓடியது. அந்த நோயாளி ஆர்னே லார்சன், 20-க்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றி 2001 வரை வாழ்ந்தார். இதைச் சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு பேட்டரி பயம் குறைந்தது.

காந்தம் உள்ள போனை நெஞ்சிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். அதனால் அப்பாவின் சட்டைப் பைகளை அம்மா தைத்தே மூடிவிட்டார்.

பொங்கலுக்குத் திருச்சி போகிறோம். மானிட்டரை ஊருக்கு எடுத்துப் போனவர்கள் யாராவது இருந்தால், அங்கே சிக்னல் கிடைத்ததா என்று சொல்லுங்கள்.