நம்பர் பிளேட் திருடு போன அனுபவம்: உங்களுக்கும் நடந்திருக்கா?

போன ஆடி மாசம். ரயில்ல இருந்து இறங்கி, வெளியே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல என் மனைவிதான் பார்த்தாங்க: "என்னங்க, பின்னாடி நம்பரையே காணோம்!" 2014 வண்டி. ரெண்டே போல்ட்டுல நின்ன பழைய பிளேட்.

எங்கேயோ கழன்டு விழுந்திருக்கும்னு நினைச்சு, கடையில புதுசா எழுதி மாட்டிட்டேன். அங்கதான் தப்புப் பண்ணேன். மூணு வாரம் கழிச்சு போன்ல இ-சலான். ஹெல்மெட் இல்லாம, மூணு பேரா, நான் போகவே போகாத ஊர்ல! படத்துல இருந்தது கறுப்பு பைக். என்னோடது சிவப்பு ஸ்கூட்டர். அபராதம்கூடப் பெரிசில்ல. அந்த நம்பரோட அவன் யாரையாவது இடிச்சிட்டு ஓடியிருந்தா? செயின் அறுத்திருந்தா? போலீஸ் என் வீட்டுக் கதவைத்தானே தட்டும்? ரெண்டு நாள் தூக்கம் இல்ல.

ஸ்டேஷன்ல முதல் கேள்வியே, "காணாமப் போன அன்னிக்கே ஏன் வரல?" ஆர்.சி., வண்டியோட படம், சலான் எல்லாத்தையும் வெச்சு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் கொடுத்ததுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) வாங்கினேன். அதைக் காட்டித்தான் சலானை ரத்து பண்ண முடிஞ்சது. ரெண்டு மாசம் ஆச்சு. தயவுசெஞ்சு அன்னிக்கே புகார் கொடுங்க.

மதுரையிலிருந்து:
அண்ணே, எனக்குக் கார்ல முன் பிளேட் போச்சு. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டி, உயர் பாதுகாப்பு பிளேட்தான். அதோட ஸ்நாப் லாக்கை உடைச்சாத்தான் பிளேட் வெளிய வரும். ஆனா பம்பர் மாத்தினப்போ லாக்கை உடைச்சுட்டு, சாதா ஸ்க்ரூ போட்டுக் கொடுத்திருக்காங்க. நான் பார்க்கவே இல்ல. பம்பர் வேலை பார்த்தா, வண்டியைத் திரும்ப வாங்கும்போது குனிஞ்சு பாருங்க. இன்னொண்ணு: பிளேட்டோட இடது கீழ் மூலையில லேசர் எண் இருக்கும், முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வேற வேற. ரெண்டையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. என்கிட்ட இல்லாததால புகார்ல எழுத முடியல. புது பிளேட் கேட்டப்போ புகார் நகல் இல்லாம நடக்கல.

திருச்சியிலிருந்து:
எங்க அப்பாவோட பழைய வண்டியில இதே மாதிரி ஒரு தடவை போச்சு. மெக்கானிக் போல்ட்டுக்குப் பதிலா நாலு பாப் ரிவெட் அடிச்சுக் கொடுத்தார். கழட்டணும்னா டிரில் போட்டுத்தான் ஆகணும், ஸ்பேனருக்கு வேலை இல்ல. அதுக்கப்புறமும் அப்பா வண்டிக்குப் பின்னாடி ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் சாவியைப் போடுவார்.