கிளப் ஃபுட் ஷூ: குதிகால் நிக்கவே மாட்டேங்குது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

அக்கா, தங்கச்சிகளே, வணக்கம். என் பையனுக்குப் பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமா வளைஞ்சிருந்தது. பொன்செட்டி முறையில வாராவாரம் மாவுக்கட்டு மாத்தி, குதிகால் தசைநாரைச் சின்னதா வெட்டிவிட்டு, 3 வாரம் கடைசிக் கட்டும் முடிஞ்சது. பாதம் நல்லா நேரா வந்துடுச்சு.

இப்போ ரெண்டு ஷூவையும் கம்பியில மாட்டுற பிரேஸ். முதல் 3 மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், அப்புறம் 4 வயசு வரைக்கும் தூங்கும்போது மட்டும்னு டாக்டர் சொல்லியிருக்கார். விட்டா பாதம் திரும்ப வளைஞ்சிடுமாம். மாமியாரோ "பச்சப்புள்ள, ஒரு ராத்திரி கழட்டி வையேன்"ங்கிறாங்க. அதுல மட்டும் நான் அசையறதா இல்ல!

பிரச்சனை குதிகால்தான். ஷூவோட நடு ஸ்ட்ராப்பை முதல்ல இறுக்கித்தான் போடுறேன், ஆனாலும் உதைச்சு உதைச்சு மேல ஏத்திடுறான். பின்பக்கம் லேசா சிவக்குது. கொப்புளம் இல்ல. சிவந்த இடத்துல க்ரீம் தடவினா தோல் இன்னும் இளகிடும்னு சொன்னதால எதுவும் தடவல. அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட காட்டுவேன். அதுவரைக்கும் உங்க பிள்ளைங்களுக்கு எந்த மாதிரி சாக்ஸ் ஒத்துவந்துச்சு?

இன்னொண்ணு, தூளி. கம்பி அகலமா இருக்கறதால சேலைத் தூளியில கால் சரியா அடங்கல. தரையிலயே பழக்கிட்டீங்களா, இல்ல வேற வழி இருக்கா?

பிள்ளைக்குச் சின்னதாகிப்போன ஷூ யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல அளவு சொல்லுங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கிக்கிறேன். கோயம்புத்தூர் பக்கம்னா நேர்லயே வரேன்.