எம்பிஏ விண்ணப்பத்தில் ‘விரும்பினால் எழுதலாம்’ என்னும் கேள்வி: அரியரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

முடிச்சூர்க்காரன்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மூன்று வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். கட்டாயக் கட்டுரைகள் முடிந்துவிட்டன. கடைசியில், தேர்வுக்குழு அறிய வேண்டிய வேறு தகவல் இருந்தால் 250 சொற்களுக்குள் விருப்பப்படி எழுதலாம் என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2013இல் சேர்ந்தேன். ஐந்தாம் பருவத்தின்போது, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டின் தரைத்தளம் மூழ்கியது. தள்ளிவைக்கப்பட்ட தேர்வுகளை எழுதியும் மூன்று பாடங்களில் தேறாமல் அரியர் விழுந்தது. அடுத்த ஏப்ரல்–மே தேர்விலேயே மூன்றையும் முடித்துவிட்டேன். இது போக, 2020இல் ஏழு மாதம் வேலையில்லை. இப்போதைய மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கவில்லை. எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை இரண்டு முறை எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினால் குறைகளின் பட்டியலாகிவிடுமோ, விட்டுவிட்டால் மறைத்ததாகிவிடுமோ என்று குழம்புகிறேன்.

பழைய விண்ணப்பதாரர்:
உங்களுக்கு எது உறுத்துகிறது என்று பார்க்காமல், விண்ணப்பத்தைப் புரட்டுபவருக்கு எங்கே ஐயம் எழும் என்று பாருங்கள். ஜிமேட்டை அடியோடு விட்டுவிடலாம். 205 முதல் 805 வரை மதிப்பெண் தரும் இப்போதைய தேர்வில் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் மதிப்பெண் மட்டுமே பள்ளிக்குப் போகும். மேலாளர் விஷயத்தை அவசியம் எழுதுங்கள். பல பள்ளிகள் இப்போதைய நேரடி மேலாளரின் கடிதத்தையே விரும்புகின்றன. காரணம் சொல்லாவிட்டால் உங்களுக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று ஊகிக்க இடமுண்டு. விண்ணப்பிப்பது அலுவலகத்தில் இன்னும் தெரியாது, ஆகவே முந்தைய மேலாளரிடம் பெற்றேன் என்று இரண்டு வரி போதும்.

அரியர் எப்படியும் தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் பாடத்துக்கு எதிரே தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். ஆனால் அங்கே படித்துப் பார்ப்பவருக்கு அரியர் என்ற ஏற்பாடு பழக்கமில்லாததாக இருக்கலாம், முடிச்சூர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. நான் முதலில் எழுதியதில் எங்கள் வீட்டுக் கஷ்டமே பக்கம் முழுக்க இருந்தது. நண்பர் ஒருவர் முக்கால்வாசியை அடித்துவிட்டு, எப்போது நடந்தது, என்ன பாதித்தது, எப்போது சரியானது என்ற மூன்றை மட்டும் மிச்சம் வைத்தார்.

தாம்பரம் அக்கா:
ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது, தம்பி. நான்காம் பருவ மதிப்பெண்கள் எப்படி இருந்தன? அப்போதே சரிவு தொடங்கியிருந்தால், பழியை முழுவதும் வெள்ளத்தின் மேல் போடும் வாக்கியத்தை அந்தப் பட்டியலே பொய்யாக்கிவிடும். வேலை இல்லாத ஏழு மாதத்துக்கு ஒரு வாக்கியம் தாராளம். 2020 என்ற ஆண்டே பாதியைச் சொல்லிவிடுகிறது. மிச்சமிருக்கும் சொற்களை நிரப்ப வேண்டுமென்று புதிய சாதனை எதையும் அங்கே கொண்டு வராதீர்கள். அதற்கு மற்றக் கட்டுரைகள் இருக்கின்றன.

முடிச்சூர்க்காரன்:
அக்கா கேட்டது சரிதான். நான்காம் பருவத்திலேயே ஒரு பாடத்தில் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘ஐந்தாம் பருவத்துக்கு முன்பே ஒரு பாடத்தில் பின்தங்கியிருந்தேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எங்கள் வீடு மூழ்கியதால் படிப்பு மேலும் தடைப்பட்டு, மூன்று பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. 2016 ஏப்ரல்–மே தேர்வில் அவற்றை முடித்தேன். அதன்பின் எந்தப் பாடத்தையும் மறுமுறை எழுத நேரவில்லை.’ மேலாளருக்கு இரண்டு வரி, 2020க்கு ஒரு வரி. 250 சொற்களில் பாதிகூட ஆகவில்லை. அப்படியே அனுப்பப் போகிறேன்.