மறு: துருவ ஒளியில் நிகழ்வது கொந்தளிப்பா, அலமரலா?

இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்:

குழுவினருக்கு வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான விளக்கப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. துருவ ஒளியை ரேடாரால் ஆராய்வது பற்றிய பலகை மட்டும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் எலெக்ட்ரான்கள் விரைகின்றன. காற்று மூலக்கூறுகளோடு மோதிக்கொண்டே இருக்கும் அயனிகள் பின்தங்கிவிடுகின்றன. இந்த வேக வேறுபாடு அயனி ஒலிவேகத்தை, அதாவது பிளாஸ்மாவில் (எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயுவில்) ஒலி போன்ற அலைகள் செல்லும் வேகத்தைத் தாண்டியதும் அதில் அடர்த்தி அலைகள் கிளம்பி ஒன்றோடொன்று பின்னிக் குழம்புகின்றன. 1963இல் இயற்பியலாளர்கள் ஃபார்லியும் பூனமனும் தனித்தனியே விளக்கியது இதைத்தான். 50 மெகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 6 மீட்டர். அதில் பாதியான 3 மீட்டர் அலைகளே அதற்கு எதிரலை தருகின்றன. ஆங்கிலத்தில் turbulence எனப்படும் இந்தக் குழப்பத்துக்குப் "பிளாஸ்மா கொந்தளிப்பு" என்று எழுதிவைத்திருக்கிறேன். சரிதானா?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மார்த்தாண்டம்:

அம்மா, கடலுக்கும் ஊர்ச் சினத்துக்கும் வழங்கி வழங்கிக் கொந்தளிப்பு தேய்ந்துவிட்டது. அலமரல், தெருமரல் இரண்டும் சுழற்சி என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறதே! "மின்ம அலமரல்" என்க. மின்மம் இருக்கப் பிளாஸ்மா எதற்கு? அலை, அலைவு, அலமரல் எல்லாம் ஒரே அடி. பாத்திரம் அலம்புகிறோமே, அதுவும் அந்த அடியே என்பது என் துணிபு. அலவனையும் இதில் சேர்க்கலாம். நண்டு நேராக எங்கே நடக்கிறது?

பொறியாளர், குளச்சல்:

ஐயா, அலமரல் அழகான சொல். ஆனால் அந்தச் சுழற்சிதான் இங்கே இடிக்கிறது. இந்த 3 மீட்டர் அலைகளில் அடர்த்தி கூடிக் குறைகிறது, எதுவும் சுழலவில்லை. அலமரல் என்று படித்த மாணவன் சுழியைத்தான் வரைவான். ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கிறது என்றால் எங்கள் கரையில் சிறு பிள்ளைக்கும் விளங்கும். எலெக்ட்ரான் ஓட்டத்துக்கும் கடலோடிகள் கடல் நீரோட்டத்துக்குச் சொல்லும் நீவாட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியை அவர்களே, பலகையில் துருவ ஒளி தெரியும் நார்வே மட்டும் போதாது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் செல்வதால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தார்கள். 1963இல் முதல் ராக்கெட் அங்கிருந்து போயிற்று. பகலில் நம் தலைக்கு மேல், ஏறத்தாழ அதே உயரத்தில், அந்தக் கோட்டையொட்டி ஓடும் மின்னோட்டமான மின்தாரையிலும் (electrojet) இதே நிலைகுலைவு உண்டு. ஒளிதான் இல்லை. நாம் தேரும் சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

பேராசிரியர்:

மின்தாரை நல்ல ஆக்கம், வாழ்த்துகள். நீர் இல்லாத இடத்தில் நீவாடா? ஏற்க மாட்டேன்.

ஆசிரியை:

எழுதியவர்களில் பெரும்பாலோர் கொந்தளிப்பு என்றே சொல்கிறார்கள். அச்சகத்திலிருந்து இருமுறை கேட்டுவிட்டார்கள். "பிளாஸ்மா கொந்தளிப்பு" என்றே அனுப்புகிறேன். பாடநூலில் பிள்ளைகள் பார்த்த பிளாஸ்மா அப்படியே இருக்கட்டும். தும்பாவும் மின்தாரையும் சேர்ந்துவிட்டன. நீவாட்டை எடுத்துவிட்டு "எலெக்ட்ரான் நகர்வு" என்று போட்டிருக்கிறேன்.

பேராசிரியர்:

அனுப்புங்கள். அலமரலை நான் கைவிடவில்லை. மின்மத்தையாவது சொற்பட்டியலில் இரண்டாம் பெயராகச் சேருங்கள். தெருமரல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.